முதல் துண்டு கோணலாகத்தான் வரும். அதற்கு ஏன் சிரிக்கிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளையிடம், "நீ தைத்த பெச்வேர்க்கைக் கொண்டுவரச் சொன்னேனே, எங்கே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "எறிஞ்சிட்டேன் டீச்சர்" என்றாள்.

வீட்டுக்கு வந்த சாச்சி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, கால் துடைக்கவும் உதவாதே" என்று சொன்னாவாம். இருந்த எல்லாரும் சிரித்தார்களாம். வாப்பாவும் சேர்ந்து சிரித்தாராம். அன்று இரவே குப்பையோடு போட்டுவிட்டாள்.

பதினாறு துண்டு. உம்மாவின் பழைய சல்வார், தம்பிக்குச் சிறுத்துப்போன சேர்ட், உம்மம்மாவின் பிடவை. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, ஊரோடு முடங்கிக் கிடந்த நாட்களில் போனைத் தூக்காமல் ஊசியைத் தூக்கிய பிள்ளை அவள். அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுத்த பரிசு இது.

சாச்சியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க நான் தயாரில்லை. என் கணக்கையும் சொல்கிறேன். கல்வியியற் கல்லூரியை முடித்துவிட்டு வந்த புதிதில், ஒரு பிள்ளை தைத்துக் கொண்டுவந்த துணியை வகுப்புக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து, "இப்படித் தைக்கக் கூடாது, பாருங்கள்" என்று சொல்லி, கத்தரிக்கோலால் நூலைப் பிரித்தேன். திருத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை இப்போது ஒரு குழந்தைக்கு உம்மா. கல்முனை பஸ்ஸில் ஒருநாள் கண்டேன். "இப்பவும் தைக்கிறியா?" என்று கேட்டேன். "எனக்குத் தையல் வராது டீச்சர், நீங்கதானே சொன்னீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அது பகிடி. எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். நம்முடைய பிள்ளைகளுக்குக் கை வராமல் இல்லை. முதல் துண்டைப் பார்த்து நாம் சிரிக்கிற சிரிப்பில்தான் கை நின்றுபோகிறது.

சிரிக்கிறவர்கள் சொல்லும் நியாயங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலாவது: "கந்தலைப் பொறுக்கித் தைக்கிற அளவுக்கு நமக்கு என்ன வறுமை?"

நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்தார்கள், தமது செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸை மீலாத் மேடையில் கேட்டுத் தலையாட்டியவர்கள்தானே நாம்? உமர் (ரழி) அவர்கள் ஆட்சித் தலைவராக இருந்தபோது, அவர்களுடைய சட்டையில் தோள்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைக் கண்டதாக அனஸ் (ரழி) அவர்கள் சொன்னது முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. மேடையில் கேட்கும்போது கண் கலங்குகிறோம். வீட்டில் பிள்ளை ஒட்டுப் போட்டால் மானம் போகிறது என்கிறோம். இது என்ன நியாயம்?

இரண்டாவது: "கடையில் மலிவாக பெட்ஷீட் கிடைக்குது. இதுக்கு ஏன் மினக்கெடணும்?"

உண்மைதான், கடை விரிப்பு மலிவு. கையால் தைத்ததை அந்த விலைக்குக் கொடுத்தால் கூலிகூடத் தேறாது. அதனால் பெச்வேர்க் தைத்துப் பணக்காரியாகலாம் என்று எந்தத் தங்கச்சிக்கும் நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். முற்றத்தில் மல்லிகை வைக்கிறீர்களே, அதற்கு யாராவது இலாபக் கணக்குப் பார்த்தீர்களா? பிள்ளை ஒரு வேலையைத் தொடங்கி, பிழைவிட்டு, பிரித்து, திரும்பத் தைத்து, முடித்து வைக்கிறாளே, அந்தப் பழக்கம் எந்தக் கடையில் விற்கிறது?

மூன்றாவது நியாயம் தையல் வகுப்பு நடத்துகிற நம்மைப் போன்றவர்களுடையது: "சின்ன வேலை கொடுத்தால் கண்காட்சியில் வைக்க ஒன்றும் இருக்காது."

இதுதான் எனக்கு மிகக் கோபம் வருகிற இடம். ஊசி பிடித்து ஒரு மாதம் ஆகாத பிள்ளையிடம் டபுள் கட்டிலுக்கு விரிப்புத் தைக்கச் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து அங்குலச் சதுரம் தைத்து முடிந்தால் நாலு அங்குலம்தான் மிஞ்சும். 80க்கு 96 அங்குல விரிப்புக்கு 480 துண்டு வேண்டும். முப்பதாவது துண்டில் மூலை பொருந்தாது. அறுபதாவது துண்டில் அழுகை வரும். நூறாவது துண்டு ஷொப்பிங் பேக்கில் சுருண்டு அலுமாரிக்கு மேலே ஏறும். பிறகு நாமே, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்போம். சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த தையல் மெஷின்கள் எத்தனை வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன? மெஷினைக் கொடுத்தோம், சின்னதாகத் தொடங்கும் வழியைக் கொடுக்கவில்லை.

நேராக வராத துணிக்கு மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு வெளியிலிருந்து இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

இந்தியாவில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுக் கிராமங்களில் சித்திகள் என்ற மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பழைய துணிகளை அடிமட்டம் வைத்து அளக்காமல், ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிக் கையாலேயே தைத்துக்கொண்டு போவார்கள். வெறும் நூலோட்டம்தான். ஒரு வரி கூட ஸ்கேல் பிடித்ததுபோல இருக்காது. நாலு மூலைக்கும் மடித்த துண்டை வைத்துப் பூ என்பார்கள். அந்தப் பூ இல்லாமல் அவர்களுக்கு விரிப்பு முழுமை ஆகாது.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பென்ட் என்று ஆற்று வளைவில் ஓர் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததி. வயலில் உடுத்துத் தேய்ந்த காற்சட்டைகளைக் கிழித்து, குளிருக்குப் போர்த்தத் தைத்தார்கள். கோடெல்லாம் வளைந்து கிடக்கும். அவற்றை 2002இல் ஹூஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. 2006இல் அந்த நாட்டுத் தபால்துறை முத்திரையாக அச்சிட்டது. நம்முடைய சாச்சி கையில் கிடைத்திருந்தால் கால் துடைக்கப் போயிருக்கும்.

சரி, கோபம் போதும். தொடங்கி நிறுத்திய ராத்தாமாரே, தங்கச்சிமாரே, இனி உங்களுக்கு.

துணிக்குக் காசு வேண்டாம். டெய்லர் கடையில் வெட்டி எறிகிற துண்டுகளைக் கேளுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரன் பழசானது எந்த வீட்டிலும் இருக்கும், அதைவிட நல்ல துணி இல்லை. முதலில் கழுவிக் காயவைத்து அயன் பண்ணுங்கள். சாயம் போவதும் சுருங்குவதும் தைப்பதற்கு முன்னமே முடிந்துவிடும். கொப்பி மட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்தே எல்லாத் துண்டையும் வெட்டுங்கள். ஓரத்தில் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். கைத்தறி நூல் பிரியும், அதனால் அதற்குக் குறைய வேண்டாம்.

முதல் வேலை, நாலே நாலு துண்டு. அடுப்படியில் சட்டி பிடிக்கிற துணி. இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு இரண்டு வரியையும் சேருங்கள். எட்டு அங்குலச் சதுரம் வரும். உள்ளே பழைய துவாயை இரண்டு மடிப்பாக வையுங்கள். எல்லாம் பருத்தியாக இருக்கட்டும், நைலோன் பொலியெஸ்டர் சூட்டில் உருகும். பின்துணி வைத்துத் தைத்து, மூன்று விரல் அளவு திறந்துவிட்டுப் புரட்டி, அதை மூடி, மூலைக்கு மூலை நூலோட்டம் போடுங்கள். ஒரு பின்னேரத்தில் முடியும். மறுநாள் சோற்றுப்பானையை அதால்தான் இறக்க வேண்டும்.

இரண்டாவது, பதினாறு துண்டு. பதினாறு அங்குலக் குஷன் உறை. இங்கேதான் மூலை பொருந்தாமல் எல்லாரும் மனம் விடுவார்கள். ஒரு சின்ன வழி இருக்கிறது. முதல் வரியின் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம் மடித்து அயன் பண்ணுங்கள், அடுத்த வரியை இடப்பக்கம். இரண்டு வரியையும் வைக்கும்போது ஓரங்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். அந்த இடத்தில் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள். அப்படியும் பொருந்தவில்லையா? சதுரத்தை விட்டுவிட்டு நீளப் பட்டிகளாக வெட்டிச் சேருங்கள். பட்டிக்குப் பட்டி மூலை பார்க்கிற வேலையே இல்லை.

மூன்றாவது, ஏணைப் பிள்ளைக்கு ஒரு விரிப்பு. ஆறுக்கு ஒன்பது, 54 துண்டு. 24க்கு 36 அங்குலம். உள்ளே பஞ்சு வேண்டாம், நம்முடைய வெக்கைக்கு ஒரு பழைய பெட்ஷீட் போதும். பிறகு மனம் வந்தால், ஏழுக்குப் பதினொன்று, 77 துண்டில் ஒரு முஸல்லா. 28க்கு 44 அங்குலம். நீங்களே தைத்த விரிப்பில் ஸுஜூது செய்து பாருங்கள். அந்தச் சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கட்டில் விரிப்பு ஓடிவிடாது. முதல் துண்டை மட்டும் எறியாதீர்கள், பத்தாவது துண்டு தைத்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தையல் வருமா வராதா என்று அது சொல்லும். சாச்சி சொல்லத் தேவையில்லை.

வாப்பாமார், உம்மாமார், டீச்சர்மார், நமக்கு ஒரு வேலைதான். பிள்ளை தைத்துக் கொண்டுவந்தால் கோணலை அளக்காதீர்கள். எந்தத் துண்டு யாருடைய உடுப்பு என்று கேளுங்கள். பிறகு அதைப் பாவியுங்கள். திருத்தம் சொல்லத்தான் வேண்டுமென்றால், தனியாக, அடுத்த துண்டு தொடங்கும்போது சொல்லுங்கள்.

எறிந்த பிள்ளைக்கு நேற்று நாலு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இன்று காலையில் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் நிற்கிறது. ஸ்டாப் ரூமில் தேத்தண்ணிக் கேத்தலை அதால்தான் இறக்கினேன். கை சுடவில்லை.