பட்டியலில் இல்லாத புத்தகம்

என் மகள் தில்லியில் பிறந்து தில்லியிலேயே வளர்ந்தவள். பத்தாம் வகுப்பு வரை தமிழை ஒரு பாடமாகப் படித்தாள். சற்று நிதானமாக, ஆனால் பிழையில்லாமல் வாசிப்பாள். சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது திடீரென்று ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நம்மள மாதிரி தில்லித் தமிழர்களைப் பத்தி யாராவது கதை எழுதியிருக்காங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஏன் எழுதவில்லை? தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலிப் பணியில் இந்த ஊரில் இருந்தவர். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். அவருடைய 'தந்திர பூமி' இந்தத் தலைநகரத்தின் கதைதான். கல்லிடைக்குறிச்சியில் 1942இல் பிறந்த ஆதவன் நம் ரயில்வேயில் சில காலம் இருந்துவிட்டு, பிறகு நேஷனல் புக் டிரஸ்டில் பணியாற்றினார். 1987இல் அவர் மறைந்த பின் 'முதலில் இரவு வரும்' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய 'காகித மலர்கள்' தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சுற்றிய நாவல். 1982இல் நான் வேலையில் சேர்ந்து, கரோல்பாகில் மூன்று பேராக ஓர் அறையில் குடியிருந்த நாட்களில் அதை இரவல் வாங்கிப் படித்தேன். பிறகு சொந்தமாக வாங்கிய பிரதி, குவார்ட்டர்ஸ் மாறி மாறிப் போனதில் எங்கோ தொலைந்துவிட்டது.

"லைப்ரரியில இருக்கான்னு பாக்கலாம்ப்பா" என்று மகள் கைபேசியை எடுத்தாள். நகரத்தின் ஒரு பொது நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்தாள். நூலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது ஒரு நூலகத்தோடு நிற்கும் விஷயமல்ல. 'ஆதவன்' என்று தமிழில் தட்டினாள். பதிவுகள் 0 என்றது. ஆங்கில எழுத்தில் தட்டினாள். அதற்கும் 0.

அங்கேதான் என்னுள் இருந்த பழைய என்ஜினீயர் விழித்துக்கொண்டான். ஆதவன் என்ற நான்கெழுத்துப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? முதலில் ஏ ஒன்றா, இரண்டா. இதில் 2 வழி. 'த' வுக்கு டெல்லிக்குப் போடும் டி, டிக்கெட்டுக்குப் போடும் டி, இவை ஒவ்வொன்றும் எச் சேர்த்தும் சேர்க்காமலும். ஆக 4 வழி. 'வ' வுக்கு வி அல்லது டபிள்யூ; 2 வழி. மொத்தம் 2 × 4 × 2 = 16. பெயருக்கு மட்டும் பதினாறு! எட்டு வரை பொறுமையாகத் தட்டிப் பார்த்தோம். பிறகு மகள் கைபேசியைக் கீழே வைத்தாள்.

"இல்ல போலிருக்கு, விடுங்கப்பா."

அந்த 'இல்லை' என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரம் மெட்ரோ ஏறி நேரிலேயே போனேன். ஒரு கோடியில் இரண்டு அலமாரிகளில் தமிழ் நூல்கள் இருந்தன. கால் மணி நேரம் தேடியதும் 'காகித மலர்கள்' கையில் கிடைத்தது. பின்பக்கத் தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 2004ஆம் ஆண்டுடையது. நூலகர் அம்மையாரிடம் காட்டினேன். அவர் நூலின் பதிவு எண்ணைத் தட்டியதும் உடனே திரையில் வந்துவிட்டது. ஆசிரியர் பெயரில் ஓர் ஏ, டிக்கெட்டுக்குப் போடும் டி, எச் கிடையாது. தலைப்பிலோ, காகிதத்தில் வரும் இரண்டு 'க' வுக்கும் கே என்ற ஒரே எழுத்து. நாங்கள் தட்டாமல் விட்ட எட்டில் அது ஒன்று!

இது யாருடைய பிழையும் அல்ல என்பதுதான் வேடிக்கை. தமிழில் ஒலிக்கேற்ப எழுத்து மாறுவதில்லை; க என்றால் க தான். ஆகவே ஆராய்ச்சி நூலகங்கள், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் உட்பட, தமிழ் எழுத்து ஒன்றுக்கு ஆங்கில எழுத்து ஒன்று என்று விதி வைத்திருக்கின்றன. க எங்கு வந்தாலும் கே. ச எங்கு வந்தாலும் சி. த வந்தால் எச் இல்லாத டிக்கெட் டி. ப வந்தால் பி. நெடில், றகர ழகர வேறுபாடுகளுக்கு மேலும் கீழும் கோடு, புள்ளி போடுவார்கள். இந்த விதிப்படி சுஜாதா எஸ் வரிசையில் இருக்க மாட்டார், சி வரிசையில் இருப்பார். இணையப் பட்டியலில் தமிழ் நூல் தேடும் அன்பர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கோடு, புள்ளிகளை விட்டுவிட்டே தட்டலாம், பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆசிரியர் பெயரில் கிடைக்காவிட்டால் தலைப்பின் ஒரே ஒரு சொல்லை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

விதி சரிதான். ஆனால் சாதாரணத் தமிழ்க் குடும்பத்தில் யார் அப்படித் தட்டுவார்கள்? தன் தாய்மொழிப் புத்தகத்தைத் தேட ஒருவர் வேற்றெழுத்தின் விதிமுறையைக் கற்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ரயில்வே ஸ்டோர்ஸில் ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் எட்டு இலக்க பி.எல். நம்பர் உண்டு. நான் பணியாற்றிய ஓர் இடத்தில் ஒரு சிறு வால்வு இல்லையென்று என்ஜின் இரண்டு நாள் நின்றது. வால்வு ரேக்கில்தான் இருந்தது. பின் கார்டில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பாடம் உண்டு. கண்டுபிடிக்க முடியாத சாமானை யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காத சாமான் சில ஆண்டுகளில் 'நகராத சரக்கு' ஆகிவிடும். நகராத சரக்கு கடைசியில் ஏலத்துக்குப் போகும். நூலகங்களிலும் இதுதான் நடக்கிறது. இடம் போதாமல் நூல்களைக் கழிக்கும்போது, யாரும் எடுக்காத நூலின் மீதுதான் முதலில் கை வைப்பார்கள். இருபது ஆண்டுகளாக முத்திரை விழாத 'காகித மலர்கள்' கபாடிக்காரன் தராசுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

பெயர்ச் சிக்கலை ரயில்வே வெகுநாள் முன்பே தீர்த்துவிட்டது. என் ஊர் மயிலாடுதுறை. மாயவரம் என்ற பெயர் மாறினாலும் நிலையக் குறியீடு இன்றும் எம்.வி. தான். சென்னை சென்ட்ரலின் பெயர் எத்தனை மாறினாலும் குறியீடு எம்.ஏ.எஸ். தான். பயணிகளுக்காக வைத்த மஞ்சள் பலகையிலோ தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று எழுத்திலும் பெயர் இருக்கும். ஒரே பலகையில் மூன்று எழுத்து எழுத முடிந்தால், ஒரே பதிவில் இரண்டு எழுத்து எழுத முடியாதா?

முடியும். தமிழ் எழுத்துகள் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், இடம் பெற்றுவிட்டன. நூலகங்கள் உலகெங்கும் பின்பற்றும் மார்க் என்ற பதிவு முறையில், தலைப்பை மூல எழுத்தில் எழுதவென்றே 880 என்ற எண்ணுள்ள கட்டம் உண்டு. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக உருவாகி 2000ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கும் கோஹா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அது தமிழ் எழுத்தை ஏற்கும். குறை கருவியில் இல்லை. தட்டச்சு செய்ய, தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்பதுதான் குறை.

இந்தியாவுக்கு நூலகவியலைக் கற்பித்தவரே ஒரு தமிழர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1947 முதல் சில ஆண்டுகள் நம் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்து நூலகவியலை வளர்த்தார். அவருடைய ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பவை அவற்றில் மூன்று. பதினாறு விதமாகத் தட்டவைக்கும் பட்டியலில் இந்த மூன்றுமே அடிபட்டுப் போகின்றன. இன்னொரு வேடிக்கை: அவர் பெயரின் முதல் எழுத்தான எஸ், 'ஷியாளி'. சீர்காழியை அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். மேதையின் சொந்த ஊரே எழுத்து மாற்றத்துக்குத் தப்பவில்லை!

தில்லிக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தில்லி பொது நூலகம் 1951இல் யுனெஸ்கோ உதவியோடு தொடங்கப்பட்டது. நாட்டில் வெளியாகும் நூல்களைப் பதிப்பாளர்கள் குறிப்பிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சென்னைக் கன்னிமாராவைப் போலத் தில்லி பொது நூலகமும் அந்த நான்கில் ஒன்று. தமிழ் நூல்கள் தலைநகருக்கு வந்து சேரச் சட்டம் வழி செய்திருக்கிறது. சேர்ந்த நூல் எந்த ஊர் நூலகத்திலும் வாசகர் கண்ணில் பட வழி செய்வது அடுத்த வேலை.

"எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே, அலமாரி எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் நானும் பயன்படுத்துகிறேன். அங்கே தமிழிலேயே தேடலாம். ஆனால் எல்லா நூலும் அங்கே வந்துவிடவில்லை. மேலும், காசு கொடுத்து வாங்க இயலாத குடும்பத்துக்கும் வீட்டருகே இலவசமாகப் புத்தகம் கொடுப்பது பொது நூலகம் ஒன்றே.

குற்றம் முழுவதையும் நூலகத்தின் தலையில் போட எனக்கு மனமில்லை. நம்மில் எத்தனை பேர் நூலக உறுப்பினர்? அந்த அம்மையாரிடம் தமிழில் பெயர் சேர்க்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்கள் எழுதித் தாருங்கள், நான் ஏற்றுகிறேன்" என்றார். இரண்டு சனிக்கிழமைகள் அமர்ந்து அந்த இரண்டு அலமாரி நூல்களின் பெயர்களையும் தமிழில் தட்டிக் கொடுத்தேன். தில்லியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். இந்த ஊரில் தமிழுக்காக நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் இதுதானோ என்று தோன்றுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, அருகிலுள்ள நூலகத்தில் உறுப்பினராகி மாதம் ஒரு தமிழ் நூலாவது எடுங்கள். தேதிச் சீட்டில் முத்திரை விழட்டும். இரண்டு, பட்டியல் 0 என்றால் நம்பாதீர்கள்; நேரில் போய் அலமாரியைப் பாருங்கள், நூலின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்து வாருங்கள். மூன்று, ஓய்வு பெற்றவர்கள் இந்த வேலையை நம் சங்க நூலகத்திலிருந்தே தொடங்குவோம். ஒரு நூலுக்கு இரண்டு நிமிடம் என்றால் 3,000 நூல்களுக்கு 100 மணி நேரம். பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பத்து மணி நேரம்தான்.

மகள் இப்போது 'காகித மலர்கள்' பாதிவரை வந்திருக்கிறாள். "இதுல வர்றவங்கள எனக்குத் தெரியும் போல இருக்குப்பா" என்று நேற்று போனில் சொன்னாள். தவணையை ஒரு முறை நீட்டித்தும் ஆயிற்று.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நான் சங்க நூலகத்தில் இருப்பேன். வரும் அன்பர்கள் மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரவும்.