உறங்காத மக்னீட்டோ

மொனராகலைத் தோட்டங்களிலே லொறி எஞ்சினை இறக்கி ஏற்றுதல் வாசகர் பலர் கண்ட காட்சியே. 1935இல் முதல் விமானம் வந்திறங்கிய இரத்மலானையில், பயிற்சி பெறுவோர் ஓட்டும் செஸ்னா 152 போன்ற சிறு விமானங்களுக்கும் அவ்வேலை உண்டு. எஞ்சின் நீங்கினால் மூக்கு இலேசாகி வால் தரையில் சாயும். ஆதலின் வாலுக்கு முட்டுக் கொடுப்பர். அது சிறு காரியம்.

பெரிய அபாயம் வேறு. விமான எஞ்சினுக்கு இரண்டு மக்னீட்டோக்கள். பற்றரியின்றியே தீப்பொறி பிறப்பிப்பவை. விமானியின் சாவி, அவற்றை ஒரு கம்பி வழியே விமான உடலோடு இணைத்து அடக்கி வைக்கிறது, அவ்வளவே. எஞ்சினை இறக்குவதற்காக அக்கம்பியைக் கழற்றினோமோ, மக்னீட்டோ விழித்துக்கொள்ளும்! சிலிண்டரில் எஞ்சிய பெற்றோல் ஆவியே போதும். விளையாட்டாய்ச் சுழல்விசிறியைத் திருப்பியவன் கையை இழப்பான். எனவே பிளக் கம்பிகளையே முதலிற் கழற்றுவர்.

விசிறி எப்போதேனும் தரையிலே தட்டியிருந்தால், எஞ்சினைப் பிரித்துக் கிராங்க் தண்டைக் காந்தமேற்றி, இரும்புத் துகள் இடுவர். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பிலே துகள் கோடாய்த் திரளும்.

மீண்டும் பூட்டி ஓடவிட்டபின், சாவியைக் கணப்பொழுது அணைத்துப் பார்ப்பர். எஞ்சின் அடங்கவில்லையெனில், அந்தச் சிறு கம்பி இன்னும் சரியாகப் பூட்டப்படவில்லை.