நீதான் பார்த்து வாங்கியிருக்கோணும்

டிசம்பர் வந்தால் முகநூலில் ஒரு வகைப் பதிவு முளைக்கும். ‘சீசன் நேரத்தில் எலக்ட்ரோனிக் கடைக்குப் போகிறீர்களா? இந்தப் பத்து விசயத்தையும் கவனியுங்கள்.’ காலமையே போங்கோ. நாலு கடையில விலை கேளுங்கோ. விசயம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. சனத்துக்குள்ள பையைக் கவனியுங்கோ.

நான் இவ்வளவையும் வாசித்துவிட்டுத்தான் லப்டொப் வாங்கப் போனேன். வாசித்துப் போட்டுப் போயும் ஏமாந்தேன். திரும்பி வந்து சொன்னபோது எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: ‘நீதான் பார்த்து வாங்கியிருக்கோணும்.’ இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு மோல். கடையின் பெயரையும் மோலின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் ‘அந்தக் கடை அப்படித்தான், மற்றக் கடைக்குப் போ’ என்று கதை முடிந்துவிடும். இது ஒரு கடையின் கதை இல்லை.

காசு 165,000 ரூபா. அம்மா சீட்டு எடுத்துத் தந்தது ஒரு லட்சம். மகாபொல ஐயாயிரமாக இருந்த காலத்தில் மாதம் மூவாயிரமாக நான் பதினைந்து மாதம் மிச்சம் பிடித்தது 45,000. மிச்சம் இருபதாயிரம் சின்னம்மா தந்தது. இறுதி வருட ஆய்வை அதுவரை போனிலும் நூலகக் கொம்பியூட்டரிலும் எழுதிக்கொண்டிருந்தேன். கிழமை நாளில் விரிவுரை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராதனையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கிப் போனேன்.

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. கவுண்டரில் மூன்று வரிசை. பின்னால் ஒரு குடும்பம், குழந்தை அழுகிறது. விற்பனையாளர் சிங்களத்தில் கடகடவென்று எதையோ சொன்னார். பாதி விளங்கியது. விலையில் ஐயாயிரம் குறைத்திருப்பதாகச் சொன்னது விளங்கியது. அதற்குப் பிறகு சொன்னது விளங்கவில்லை. பின்னால் நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன். காசைக் கட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஜனவரியில் ஹொஸ்டலில் கரண்ட் போன ஒரு நாள், முழுச் சார்ஜில் இருந்த மெஷின் ஐம்பது நிமிடத்தில் செத்தது. கொம்பியூட்டர் படிக்கும் ஒரு சிநேகிதி விண்டோஸில் பற்றரி அறிக்கை எடுத்துப் பார்த்தாள். நூற்றைம்பது தடவைக்குக் கிட்டச் சார்ஜ் ஏறி இறங்கிய பற்றரி. என் கைக்கு வந்து ஐந்து கிழமைதான். ‘இது டிஸ்பிளேயில வச்சிருந்த பீஸ் போல கிடக்கு’ என்றாள்.

திரும்பக் கடைக்குப் போனேன். ‘டிஸ்பிளே பீஸ் எண்டு சொல்லித்தானே ஐயாயிரம் குறைச்சது. நீங்களும் சரி எண்டீங்கள்தானே’ என்றார்கள்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். உண்மையாகவே அன்றைக்குச் சொல்லியும் இருக்கலாம். எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் தலையாட்டியது மட்டும் உண்மை.

வெளியே வரும்போது பொதி கட்டும் மேசையில் நின்ற ஒரு பொடியன் மெதுவாகத் தமிழில் கதைத்தார். மலையகத் தமிழ். ‘அக்கா, பில்லுல எழுதித் தரச் சொல்லி கேட்டிருக்கணும். கேட்டா எழுதித்தான் ஆகணும். கேக்காட்டி நாங்களா எழுத மாட்டோம்.’ நான் அவரைப் பார்த்தேன். டிசம்பரிலும் என் பையைக் கட்டித் தந்தவர் அவர்தான். மூன்று அடி தூரத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் நின்றிருக்கிறார். ‘தமிழ் கதைக்கிற ஆரும் இருக்கினமா?’ என்று நான் கேட்கவில்லை. கேட்க வெட்கம்.

இப்போது அந்தப் பத்து அறிவுரைக்கு வருவோம்.

‘சனம் இல்லாத நேரத்தில் போ’ என்பது நல்ல அறிவுரை. கிழமை நாளில் காலமை போனால் ஆறுதலாகக் கதைக்கலாம், உண்மைதான். ஆனால் கிழமை நாளில் மோலுக்குப் போகக்கூடியவர் யார்? கொழும்பில் இருப்பவர், விடுமுறை எடுக்கக்கூடியவர். தூரத்தில் இருந்து வரும் மாணவிக்கும் கூலி வேலை செய்யும் தகப்பனுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் உண்டு. சனநெரிசல் மழை மாதிரித் தானாக வருவதில்லை. ‘இன்றைக்கு மட்டும்’ தள்ளுபடி என்று பலகை வைத்துச் சனத்தை ஒரே நாளில் கூட்டுவது கடை. அந்த அவசரத்துக்குள் ஒருவரும் கேள்வி கேட்காமல் போவதால் லாபம் அடைவதும் கடைதான். பிறகு ‘நீ அவசரப்பட்டாய்’ என்று எங்களைச் சொல்வது என்ன நியாயம்?

‘சிங்களம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போ.’ இதைச் சொல்பவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். அம்மாவும் சொன்னா. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது. தனியார் கடையை அது கட்டுப்படுத்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் காசை வாங்கும்போது மொழி தடையாக இருக்கவில்லையே? பொருளின் குறையைச் சொல்லும்போது மட்டும் எனக்கு விளங்காத மொழியில் சொன்னால் போதுமா? விளங்காமல் சொன்னது சொன்னதாகாது. சிங்களம் படிப்பது நல்லது, நானும் படிக்கிறேன். அது வேறு விசயம். ஒரு லப்டொப் வாங்க இன்னொருவரின் ஞாயிற்றுக்கிழமையைக் கடன் வாங்க வேண்டியிருப்பது வேறு விசயம்.

‘ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு போ.’ இது என் வகுப்புத் தோழர்களே சொன்னது. பெட்டையள் தனியப் போனால் ஏமாத்துவாங்களாம். சரி, என்னோடு வரக்கூடிய பொடியன்களும் அதே கலைப்பீடம்தான். ரம்முக்கும் ஸ்டோரேஜுக்கும் வித்தியாசம் என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டவர்கள் அதில் இரண்டு பேர். அவர்கள் பக்கத்தில் நின்றால் விற்பனையாளர் அவர்களின் முகத்தைப் பார்த்துக் கதைப்பார். இந்த அறிவுரையைப் பின்பற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பழக்கத்தை நாங்களே உறுதியாக்கிவிட்டு வருகிறோம்.

‘நம்பிக்கையான இடத்துக்குப் போ.’ கொம்பியூட்டர் என்றால் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசா, போன் என்றால் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா என்று ஊரில் எல்லாருக்கும் பாடம். ஒரே கட்டடத்தில் பல கடைகள் இருப்பது நல்லதுதான், படி ஏறி இறங்கி விலை ஒப்பிடலாம். ஆனால் கட்டடம் உத்தரவாதம் தராது. உத்தரவாதம் தருவது கையில் இருக்கிற கடதாசி மட்டும்.

அந்தக் கடதாசியைப் பற்றி எந்தப் பதிவும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

கடைக்குள் போனதும் முதல் கேள்வி: ‘தமிழ் கதைக்கிற ஆரும் இருக்கினமா?’ கூச்சப்படாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேளுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகமான கடைகளில் ஒருவர் இருப்பார். இல்லையென்று சொன்னால் விளங்காத இடத்தில் நிறுத்தி, மெதுவாகத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர் காத்திருக்கட்டும். அவரும் நாளைக்கு இதையே கேட்க வேண்டி வரும்.

பெட்டியைக் கடையிலேயே திறவுங்கள். மெஷினைப் போட்டு, பெட்டியில் உள்ள தொடர் இலக்கமும் மெஷினில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ரம், ஸ்டோரேஜ் எவ்வளவு என்று திரையில் பாருங்கள், வாயால் சொன்னதை நம்பாதீர்கள். பற்றரி அறிக்கை எடுக்க இரண்டு நிமிடம் போதும்.

போன் என்றால் நட்சத்திரக் குறி, ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் அந்த நாலு எழுத்தையும் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, எண்ணைப் போட்டு 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறைப்படுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். காசு கட்ட முதல் அனுப்புங்கள்.

வொரண்டி ‘இரண்டு வருசம்’ என்றால் எதற்கு இரண்டு வருசம் என்று கேளுங்கள். பற்றரிக்கும் சாஜருக்கும் தனியாக எவ்வளவு? தருவது கம்பனியா, கடையா? பழுதானால் எங்கே கொண்டுபோக வேண்டும்? வவுனியாவில் இருக்கிறவருக்குக் கொழும்பில் மட்டும் திருத்திக் கொடுக்கும் வொரண்டி என்றால், ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு ரயில் ரிக்கெற்றும் ஒரு நாளும் செலவு.

கடைசியாக, சொன்னது எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ‘புதியது’ என்றால் புதியது என்று எழுதட்டும். டிஸ்பிளே பீஸ் என்றால் அதையும் எழுதட்டும். எழுத மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம். இது ஒன்றைச் செய்திருந்தால் எனக்கு மற்ற ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

இது கடைக்காரர் எங்களுக்குச் செய்யும் தயவு இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பில் தர வேண்டும். விலைப் பட்டியலைப் பார்வைக்கு வைக்க வேண்டும். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் அதிகாரசபைக்கு முறையிடலாம், மாற்றித் தரவோ காசைத் திருப்பித் தரவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், இந்த மூன்று மாதத்தை மறக்காதீர்கள். தொலைபேசி 1977. அதற்கும் முதல், வெள்ளைக்காரன் காலத்து 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்லிய விவரணத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்கிறது. இவ்வளவும் இருந்தும் க.பொ.த. உயர்தரம் வரை படித்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் ‘பெரிய கடையில வாயாடாதே’ என்று சொல்லித் தந்தார்கள்.

இதற்கு மறுப்புச் சொல்வார்கள். கடைக்காரரும் பிழைக்க வேண்டுமே, 2022 இல் டொலர் 200 இல் இருந்து 360 தாண்டிப் போனபோது அவர்களும் அடிபட்டார்கள், 2024 ஜனவரியில் இருந்து வற் 18 வீதம், கவுண்டரில் நிற்கும் பொடியனுக்குக் கிடைப்பது சின்னச் சம்பளமும் கொமிசனும்தான் என்று. எல்லாம் உண்மை. என் கோபம் கவுண்டரில் நிற்பவர் மேல் இல்லை, அவர் என் வயதுக்காரர். ஆனால் கடை பட்ட நட்டத்தை வாய் திறக்காத வாடிக்கையாளரின் தலையில் இறக்குவதற்குப் பெயர் பிழைப்பு இல்லை. அதோடு வாய் திறக்காதவர் யார் என்பதும் தற்செயல் இல்லை. தூரத்தில் இருந்து வந்தவர், மொழி தெரியாதவர், தனியாக வந்த பெண், முதல் தடவை இவ்வளவு காசைக் கையில் வைத்திருப்பவர்.

இன்னொரு மறுப்பு எனக்கு வலித்தது. ‘நீ படிச்ச பிள்ளை, உனக்கே தெரியாட்டி?’ எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாது என்று காட்டத்தான் வெட்கப்பட்டேன். விளங்காததற்குத் தலையாட்டுவது எங்களுக்குச் சின்ன வயசிலேயே பழகிப்போனது. வைத்தியசாலையில், வங்கியில், பொலிஸில், விரிவுரை மண்டபத்தில். கடையில் அதற்கு 165,000 ரூபா விலை போட்டார்கள், அவ்வளவுதான். இது என்னுடைய பிழையும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பிழையைக் காட்டி அவர்களின் பிழையை மறைக்க விடமாட்டேன்.

எழுபத்தோராவது நாள் அதிகாரசபைக்குக் கடிதம் எழுதினேன், தமிழில். பற்றரி அறிக்கையையும் பில்லின் பிரதியையும் இணைத்தேன். பில்லில் டிஸ்பிளே பீஸ் என்று ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் எழுதாமல் விட்டது கடைசியில் எனக்குத்தான் உதவியது. சில கிழமைக்குப் பிறகு கடையில் இருந்து அழைத்துப் புதுப் பற்றரி போட்டுத் தந்தார்கள். காசு திரும்பக் கேட்டேன், தரவில்லை. அந்த முறைப்பாடு இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. லப்டொப் நல்லா வேலை செய்யுதா என்று கேட்பா, ஓம் என்பேன்.

போன மாதம் ஹொஸ்டலில் ஒரு தங்கச்சி போன் வாங்கப் போக வேண்டும் என்றாள். துணைக்கு வரட்டோ என்று கேட்டேன். நான் கதைக்கவில்லை, பக்கத்தில் மட்டும் நின்றேன். கடைக்குள் போய் அவள் முதல் கேட்டது, ‘தமிழ் கதைக்கிற ஆரும் இருக்கினமா?’ உள்ளே இருந்து ஒரு அக்கா வந்தா. பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் சலித்துக்கொண்டார். தங்கச்சி 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை நின்றாள். நாற்பது நிமிடம் எடுத்தது.