விண்ணை நோக்க வயதுண்டோ?

போனக்காட்டுக்கு உல்லாசப் பயணம் போய்வரும் மாணவர் பலர் கொண்டுவரும் செய்தி ஒன்றே ஒன்றுதான். அங்கே பாழடைந்து நிற்கும் பழைய பங்களாவில் பேய் உலவுகிறதாம்! அம்மலைச் சரிவிலே தேயிலைக் கொழுந்து கிள்ளித் தேய்ந்துபோன தமிழ்த் தொழிலாளரின் கதை அவர்கள் காதில் விழுவதில்லை. அந்த இருளுக்கு மேலே சுடர்விடும் வானமும் கண்ணில் படுவதில்லை.

போனக்காட்டிலிருந்து மேலே ஏறினால் அகத்தியர் மலை. 1,868 மீட்டர் உயரம். 1855-இல் ஜான் ஆலன் பிரௌன் என்பார் கருவிகளைக் காட்டு வழியே ஏற்றி, அதன்மீது காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அவர் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவர். அக்கூடத்தை 1837-இல் தோற்றுவித்தவர் சுவாதித் திருநாள் மன்னர். அதன் முதல் தலைவரான ஜான் கால்டிகாட் யார் தெரியுமா? ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர்! மிளகுக்கும் மரத்துக்கும் கணக்குப் பார்த்த கை, ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளால் விண்மீனையும் அளந்தது. அந்த ஆர்வமே ஓர் அரசின் ஆய்வுக்கூடத்துக்கு வித்தாயிற்று.

இன்னொருவரையும் நினைப்போம். வங்காளத்து ஜெசூரில் கருவூல ஊழியராயிருந்தவர் இராதாகோவிந்த சந்திரர். 1910-இல் ஹாலி வால்மீன் தோன்றியபோது அவருக்கு வயது 31. கல்லூரிப் படிப்பில்லை. பின்னர் மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, ஒளி மாறும் விண்மீன்களை இரவுதோறும் குறித்துவந்தார். 1954 வரை அவர் குறித்தவை 37,000-க்கும் மேல்! அவர் உழைப்பை மெச்சி அமெரிக்காவிலிருந்து ஆறங்குலத் தொலைநோக்கி வந்தது. அவருக்குப் பின் அக்கருவி வைணு பாப்புவின் கைக்குச் சென்று, நம் காவலூர் ஆய்வகத்தை அடைந்தது.

இவ்வளவும் சொல்வது எதற்காக? ஓய்வு பெற்ற தந்தையை நாம் நடத்தும் விதம் சரியன்று என்பதற்காக. “இனி எதற்கு அவருக்குப் புதிய பாடம்? கோயிலுக்குப் போகட்டும், பேரனைப் பார்த்துக்கொள்ளட்டும்” என்கிறோம். பாசத்தால் சொல்கிறோம், ஆயினும் அது ஒரு மனிதரின் அறிவுக்குக் கதவடைக்கும் பாசம். கற்கும் உரிமை இளைஞருக்கு மட்டுமே பட்டயம் எழுதித் தரப்பட்டதா?

விண்ணாய்வுக்கு வேண்டியவை பொறுமையும் நேரமும். இரண்டும் முதியோரிடம் உண்டு. நம்மிடமோ தேர்வு நாட்களும் தூக்கமும்தான் உண்டு! மேலும், பஞ்சாங்கத்தின் இருபத்தேழு விண்மீன்களும் அவர்களுக்கு மனப்பாடம். திருவாதிரையில் பிறந்த அன்னையார், அந்தத் திருவாதிரையைக் கண்ணால் கண்டதுண்டா? பெயர் தெரிந்தவரிடம் முகத்தைக் காட்டுவது எளிது.

“கண் மங்கிய வயதில் என்ன தெரியும்?” என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். இருளில் இளைஞரின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும்; முதுமையில் ஐந்தளவோடு நின்றுவிடுவது வழக்கம். ஆதலால் 7x50 இருகண் நோக்கி தரும் ஏழு மில்லிமீட்டர் ஒளிக்கற்றையில் ஒரு பகுதி வீணாகும். 10x50 நோக்கியோ ஐந்தே தருவது. அதுவே அவர்களுக்கு ஏற்றது. கை நடுங்கினால் சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளலாம். கண்புரை இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த தொலைநோக்கியை முதல் நாளே வாங்கித் தருவது வேண்டாம். முதல் ஆறு மாதம் வெறுங்கண். பிறகு இருகண் நோக்கி. தொலைநோக்கி அதன் பின்னரே.

பயன் உண்டா என்பீர்கள். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் கண்ணுக்கே தெரியுமளவு ஒளி குன்றிற்று. அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு அதைக் குறிக்க வெறுங்கண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

யானைகள் நடமாடும் போனக்காட்டுக் காட்டுக்குப் பெரியவர்களை இரவில் இட்டுச் செல்லச் சொல்லவில்லை. வீட்டு மொட்டை மாடியே போதும். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கு நோக்குங்கள். உயரத்தில் ஒளிரும் சிரியசுக்குக் கீழே, அடிவானுக்கும் உச்சிக்கும் இடையில் மூன்றிலொரு பங்கு உயரத்தில் நிற்பதுதான் அகத்திய மீன். விண்ணில் ஒளி மிகுந்த மீன்களுள் இரண்டாவது. இலண்டன் மாநகருக்கு அது ஒருநாளும் உதிப்பதில்லை. நமக்கோ பொதிகை முனிவரின் பெயரோடு உதிக்கிறது.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பரிசுப்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஓர் இரவு, ஒரு மணி நேரம், இரண்டு நாற்காலிகள், இவை போதும். தந்தையை, தாயை, தாத்தாவை அழைத்து அமரவைத்து, அவர்கள் பிறந்த மீனைக் காட்டுங்கள். மறுநாள் வானத்தைப் பற்றி அவர்கள் உங்களிடம் கேள்வி கேட்பார்கள். அதற்கு விடை தேடும்போது நீங்களும் கற்கத் தொடங்குவீர்கள்.