கையெழுத்து யாருடையது?

ஸ்திரீகளின் சாமர்த்தியத்தைப் புகழ்வதில் நம்மவர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பிரசங்க மேடையில் ஏறினால் பராசக்தி என்போம். வீட்டிற்கு வந்தால் கிருஹலக்ஷ்மி என்போம். ஆனால் அந்த லக்ஷ்மி ஒரு நாள், "சிறிது முதல் போட்டு வியாபாரம் தொடங்கலாமென்றிருக்கிறேன்" என்று சொல்லட்டும். கூடத்தில் உடனே மௌனம் குடிகொண்டுவிடும். சிறிது நேரம் கழித்து யாராவது ஒரு பெரியவர், "பொழுதுபோக்காகச் செய்வதானால் செய்யேன்" என்று அனுமதி வழங்குவார்.

இந்தப் 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல் எத்தனையோ வியாபாரங்களை முளையிலேயே கிள்ளி எறிந்திருக்கிறது. பொழுதுபோக்குக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. தனிப் பெயர் இல்லை. தனிப் பெட்டியும் இல்லை. இம்மூன்றும் இல்லாத ஒன்றுக்கு எந்தப் பாங்கியும் கடன் கொடுக்காது.

அப்பளம் இட்டு விற்கும் ஒரு குடும்ப ஸ்திரீயை எடுத்துக்கொள்வோம். உளுந்து என்ன விலை, சீரகம் என்ன விலை என்பதை அவள் விரல் விட்டுச் சொல்லிவிடுவாள். மாவை இடித்த கைக்குக் கூலி என்ன? காக்கைக்குக் காவலாக வெயிலில் உட்கார்ந்திருந்த பொழுதுக்கு என்ன? ஐப்பசி மழையில் காயாமல் பூஞ்சைக்காளான் பிடித்த கட்டுகளுக்கு என்ன? இவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. போதாக்குறைக்கு, "நம் வீட்டு அப்பளந்தானே!" என்று சொல்லி நாலு கட்டை எடுத்துச் செல்லும் பந்துக்கள் வேறு. மளிகைக் கடையில் அவர்கள் இவ்வளவு உரிமை கொண்டாடுவதாக நாம் கேள்விப்பட்டதில்லை. வருஷ முடிவில், "இத்தனை பாடுபட்டு என்ன மிச்சம்?" என்று கேட்பவர்களும் இவர்களேதான்.

இதே அப்பளத்தை வேறு விதமாக நடத்திக் காட்டியவர்கள் உண்டு. 1959-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பம்பாய் கிர்காமில், ஏழு குஜராத்தி ஸ்திரீகள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டை மாடியில் வேலையை ஆரம்பித்தார்கள். முதல் நாள் உற்பத்தி நான்கே கட்டுகள். நன்கொடை யாரிடமும் வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள். முதல் வருஷம் மழைக்காலத்தில் நான்கு மாதம் வேலையை நிறுத்த நேர்ந்தது. மறு வருஷம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள்; அப்பளம் கட்டில் மேல், அடுப்பு கட்டிலின் கீழ். வருண பகவானுக்கு அதற்கு மேல் அவர்களிடம் வேலையில்லாமல் போயிற்று! அதுதான் இன்று 40,000-க்கு மேற்பட்ட பெண்கள் பங்காளிகளாயிருக்கும் 'லிஜ்ஜத்' ஸ்தாபனம். பிசைந்த மாவை வீட்டிற்கு எடுத்துச் சென்று அப்பளமாக்கிக் கொண்டுவரும் ஒவ்வொருத்திக்கும் இட்ட அளவுக்குக் கூலி உண்டு. லாப நஷ்டத்திலும் பாகம் உண்டு. அவள் கூலியாளுமாவாள், முதலாளியுமாவாள்.

கடன் விஷயத்தில் அகமதாபாத் சகோதரிகள் செய்தது இதைவிடப் பெரிய காரியம் என்பது நமது அபிப்பிராயம். காந்தியடிகளின் துணையோடு அனசூயா சாராபாய் அம்மையார் 1920-ல் நிறுவிய மில் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து, 1972-ல், இலா பட் அம்மையாரின் முயற்சியால் 'சேவா' சங்கம் பிறந்தது. காய்கறிக் கூடை சுமப்பவர்கள், பழந்துணி வியாபாரம் செய்பவர்கள் முதலானோரே அதன் அங்கத்தினர். பாங்கிக் குமாஸ்தாக்கள் அவர்களை நடத்திய விதம் சொல்லத்தக்கதாயில்லை. ஆகவே, ஆளுக்குப் பத்து ரூபாய் பங்காக 4,000 பெண்கள் சேர்ந்து 1974-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவு பாங்கி ஏற்படுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாங்கி நடத்துவதாவது என்ற ஆட்சேபம் எழுந்தது. பொறுப்பேற்க வேண்டிய பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தங்கள் பெயரை எழுதப் பழகிக்கொண்டு போய்க் கையெழுத்திட்டார்கள். கையெழுத்து வராத அங்கத்தினருக்கு, கணக்கு எண் எழுதிய பலகையைக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படமே அடையாளமாயிற்று.

நம் குடும்பங்களின் பெண்களுக்கோ கையெழுத்து முத்துமுத்தாக வரும். எந்தக் காகிதத்தில் அது இடப்படுகிறது என்பதே கேள்வி. 1956-ம் வருஷத்துச் சட்டம் ஹிந்துப் பெண்ணுக்குச் சொத்தில் பூரண பாத்தியதை அளித்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபாகம் என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. பாரத தேசம் முழுமைக்கும் அது 2005-ல் வந்தது. அடமானம் வைக்கத் தன் பெயரில் நாலு முழ நிலமிருந்தால் பாங்கியில் அவள் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கும்! ஆனால் நடப்பது என்ன? தகப்பனார் காலமான பிறகு, அண்ணன்மார் அன்போடு வந்து அவளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார்கள். போகவர வாடகைக் கார், வெற்றிலை பாக்கு, ஒரு பட்டுப் புடவை; மத்தியில் ஒரு விடுதலைப் பத்திரம். அவளுடைய கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெந்த நாளிலும் கிடைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. பெண்கள் தொழில் தொடங்க என்று 2016-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டத்தில், கூட்டு ஸ்தாபனமானால் நூற்றுக்கு 51 பங்கு பெண்ணிடம் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். இத்தகைய சலுகைகள் வந்ததும், சமையலறையை விட்டு வெளியே வராத சில அம்மையார்கள் திடீரென்று பங்குதாரர்களாகிவிடுவதுண்டு. பலகையில் பெயர் அம்மாளுடையது, சாவி ஐயாவினுடையது. கடன் தவணை தவறினால் மட்டும் நோட்டீசு அம்மாள் பெயருக்கே வந்து சேரும்.

தீபாவளிக்குப் பட்சணமும் அப்பளமும் தெரிந்த வீட்டு ஸ்திரீகளிடம் சொல்லி வைப்பது நமது நேயர்களில் பலருக்கு வழக்கம். இப்போது பணத்தைக் கைப்பேசி மூலமாகவே அனுப்பிவிடுகிறோம். அனுப்புமுன் அதில் தோன்றும் பெயரைச் சற்றுப் பார்க்கலாம். கணவர் பெயரோ பிள்ளை பெயரோ தோன்றினால், ஏன் என்று விசாரிப்பதில் தவறில்லை. "அவருக்குத்தான் ஏற்கனவே கணக்கு இருந்தது" என்ற பதிலே பெரும்பாலும் வரும். தனிக் கணக்குத் தொடங்க அவளுக்கு அரை நாள் பிடிக்கலாம். அந்த அரை நாள் அடுப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதை அந்த வீட்டு ஆண்மக்கள் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது நல்லது.