நூலில் உள்ளது என்பது போதுமா?

பூமி சூரியனைச் சுற்றி வருகிறது என்று நாம் அனைவரும் நம்புகிறோம். நம்மில் எத்தனை பேர் அதனைச் சோதித்துப் பார்த்தோம்? ஆசிரியர் கூறினார், பாடநூலில் உள்ளது, ஆகவே நம்பினோம். இதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அறிவியலில் பெரியோர் சொல்லுக்கு இடமே கிடையாது என்று மேடையில் முழங்குவோரின் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. யாவற்றையும் தாமே கண்டறிந்த பின்னரே நம்புவது என்றால் ஒருவருக்கு வாழ்நாள் போதாது. ஆனால் அச்சொல்லை எவ்வாறு நம்புகிறோம் என்பது முக்கியம்.

வானம் நீலமாகத் தோன்றுவதற்குக் காரணம் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராலே பிரபு. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியிலுள்ள நீலத்தை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன என்றார் அவர். ஆழ்கடலின் நீலமோ நீரின் நிறமன்று, வானத்தின் நீலமே நீரில் எதிரொளிக்கிறது என்றும் கருதினார். அவர் 1904இல் நோபல் பரிசு பெற்றவர். சொன்னவர் பெரியவர்; சொன்னதும் பொருத்தமாகவே தோன்றியது. இன்றும் பலர் அவ்வாறே சொல்லக் கேட்கிறோம்.

1921ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளியில் பிறந்து கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த சி. வி. இராமன் இங்கிலாந்துக்குக் கடற்பயணம் மேற்கொண்டார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அமையும். அவ்வொளியைத் தடுத்துவிடும் நிகோல் பட்டகம் என்னும் சிறு கருவி அவரிடம் இருந்தது. அதன் வழியே கடலை நோக்கினார். வானத்தின் எதிரொளி நீங்கியது. நீலம் மங்கவில்லை, முன்னினும் செழித்தது! கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோதே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

இங்கே நான் வியப்பது வேறொன்று. இராமன் ராலேயைப் புறக்கணிக்கவில்லை. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்யுமெனில், நீரின் மூலக்கூறுகளும் செய்ய வேண்டுமல்லவா என்று, ராலே வகுத்த வழியிலேயே சிந்தித்து, ராலேயின் கருத்தைத் திருத்தினார். பெரியவர் சொல் அவருக்குத் தடையாக இல்லை. ஏறி நின்று பார்க்கும் மேடாக இருந்தது.

இராமனின் விளக்கமும் முடிந்த முடிவன்று. நீர் சிவப்பு ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதும் அந்நீலத்துக்குப் பெருங்காரணம் என்பது இப்போது தெளிவாகியுள்ளது. பட்டகத்தின் வழியே அவர் கண்ட காட்சி நிலைத்தது. அதற்கு அவர் கூறிய காரணம் விரிவடைந்தது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளில், இராமன் சொன்னார் என்பதற்காகவே எதையும் நம்பச் சொல்வோரைக் காணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது இராமேசுவரத்திலோ கன்னியாகுமரியிலோ கடலைக் காண நேரலாம். எதிரொளியைத் தடுக்கும் 'போலராய்டு' கண்ணாடி வீட்டில் எவரிடமேனும் இருந்தால் வாங்கி அணிந்துகொள்ளுங்கள். சூரியனை நோக்காமல், நீரை நோக்கித் தலையை மெல்லச் சாய்த்து நிமிருங்கள். மேற்பரப்பின் பளபளப்பு கூடுவதும் குறைவதும் தெரியும். அது குறையும் வேளையில் நீரின் நிறம் என்ன ஆகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.