முன்வாசலில் கவிதை, பின்வாசலில் வாளி

“கலை வேறு, கலைஞன் வேறு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க தோழர்.” பாப்லோ நெருதாவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிடுகிறார். பிரித்துப் பார்க்கணுமாம். ஊரையும் சேரியையும் பிரித்து, டீக்கடையில் கிளாசைப் பிரித்து, சுடுகாட்டையும் பிரித்து வைத்திருக்கிற சமூகத்தில், பிரிப்பது எப்படி என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள்!

நடந்ததைச் சொல்லிவிடுவோம். 1929-இல் சிலி நாட்டின் தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வருகிறார் நெருதா. வெள்ளவத்தையில் கடலோரம் வீடு. பின்புறம் எடுப்புக் கக்கூஸ். வாளி தினமும் எப்படிச் சுத்தமாகிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஒருநாள் விடியலில் பார்க்கிறார். ஒரு தமிழ்ப்பெண் வருகிறார், பீவாளியை எடுத்துத் தலையில் வைக்கிறார், போகிறார். பறைச்சாதிப் பெண் என்று எழுதுகிறார் நெருதா. கூப்பிட்டுப் பார்க்கிறார், பதில் இல்லை. நடக்கிற பாதையில் பட்டுத்துணியும் பழமும் வைக்கிறார். அந்தப் பெண் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு காலையில் மணிக்கட்டைப் பிடித்துப் படுக்கைக்கு இழுத்துப் போகிறார். கடைசிவரை அந்தப் பெண் கண்ணை மூடவே இல்லை.

எதிரிகள் கட்டிவிட்ட கதை இல்லை இது. நெருதாவே தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியது. 1971-இல் நோபல் பரிசு, 1973-இல் சாவு, 1974-இல் அந்தப் புத்தகம். அந்தப் பெண் தன்னை வெறுத்தது நியாயம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

“ஒத்துக்கொண்டாரே, அந்த நேர்மை போதாதா?” என்கிறார்கள். யாரிடம் ஒத்துக்கொண்டார்? அந்தப் பெண்ணிடமா? நாற்பத்தைந்து வருஷம் கழித்து, ஸ்பானிய மொழியில், தான் செத்தபிறகு அச்சாகிற ஒப்புதலுக்கு எந்தக் கோர்ட்டு, என்ன தண்டனை? செய்த காரியத்துக்குரிய பெயரைக்கூட அவர் எழுதவில்லை. அதன் பெயர் வன்புணர்ச்சி.

சரி, பிரித்தே பார்ப்போம். கத்தரிக்கோலை எங்கே வைப்பது? அந்தப் பக்கமே கலையாகத்தானே எழுதப்பட்டிருக்கிறது! பீ சுமந்த பெண்ணைச் சிலையாக்கி, தெய்வமாக்கி, அழகு சொட்டச் சொட்ட எழுதுகிறார். சிலைக்கு வலிக்காது, சிலை புகார் கொடுக்காது. இங்கே குற்றத்தை மூடுகிற துணியே கலைதான். இன்னொன்று: ‘பூமியில் வசிப்பிடம்’ தொகுப்பின் கவிதைகளில் சில இலங்கையில் இருந்த காலத்தில் எழுதியவை. முன்னறையில் கவிதை எழுதப்பட்டபோது பின்சந்தில் வாளி போய்க்கொண்டிருந்தது. ரெண்டும் ஒரே வீடு, தோழர்.

நெருதா நம் எதிரி முகாம் ஆள் இல்லை. அதுதான் நமக்கு வலி. 1939-இல் ஸ்பெயின் அகதிகள் 2000-க்கும் மேற்பட்டவர்களை வின்னிபெக் கப்பலில் சிலிக்கு ஏற்றி அனுப்பியவர். சுரங்கத் தொழிலாளிகளின் ஓட்டில் செனட்டர் ஆனவர். நானும் மாணவனாக இருந்தபோது மேடையேறி அவர் கவிதையை வாசித்துக் கைதட்டு வாங்கியவன்தான். 1929-இல் அவர் கம்யூனிஸ்ட் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நினைவுக்குறிப்பு எழுதும்போது? ஒரு ஆயுள் முழுக்க வர்க்கம் பேசிய பிறகும் அந்தப் பெண் அவருக்குத் தொழிலாளியாகத் தெரியவில்லையே, ஏன்?

2018-இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருதா பெயர் வைக்கப் பேச்சு எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்ணியவாதிகள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். பெயர் மாறவில்லை. சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2021-இல் இதை வைத்தே ‘அல்போராடா’ என்று படம் எடுத்தார். அந்தப் பெண் பேசியதோ தமிழ். நம்ம தமிழ். நம்மில் எத்தனை பேருக்குக் கோபம் வந்தது? மலம் அள்ளுவதைத் தடுக்க இந்தியாவில் 1993-லும் 2013-லும் சட்டம் போட்டாகிவிட்டது. இன்னும் மலக்குழியில் எங்காளுங்கதான் சாகிறார்கள். அந்தச் சாவைப் பார்க்காத கண்ணுக்குத்தான் அந்த வாளியும் தெரியாது.

கவிதைகளைக் கொளுத்தச் சொல்லவில்லை. கொளுத்தினால் அந்தப் பக்கமும் சேர்ந்து எரியும், அவர்களுக்கு வசதியாகிவிடும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். இனி மேடையில் நெருதாவை வாசித்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து வாசியுங்கள். அதே குரலில், அதே மைக்கில். அதுக்கப்புறமும் கவிதை நிற்கும்னா நிற்கட்டும்.

இலங்கையில் நெருதா ஒரு கீரிப்பிள்ளை வளர்த்தார். அதுக்குப் பேர் கிரியா. புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தலையில் அவர் மலத்தைச் சுமந்த பெண்ணுக்குப் பேர் இல்லை. அவர் கேட்கவே இல்லை.

கலையையும் கலைஞனையும் பிரிக்கச் சொல்கிறவர்கள், முதலில் அந்தப் பேரைத் தேடிக்கொண்டு வரட்டும்.